ஒற்றியெடுத்த கோடு

1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வெளிவந்தது. நம் தீவின் தமிழ்ப் பிள்ளைகளும் முத்து காமிக்ஸ் இதழ்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தனர். மாயாவியை அறியாதார் அவர்களுள் இலர். அவனை வரைந்தவரின் பெயரை அறிந்தார் மிகச் சிலரே. ஹெஸூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர் 1962இல் ‘வேலியன்ட்’ என்ற ஆங்கில வார இதழுக்காக அவனை வரையத் தொடங்கினார். ஓவியர் பெயரை அச்சிடுவது அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் இதழ்களில் அரிது. பாத்திரம் நிறுவனத்தின் சொத்து. கோடு போட்டவருக்குக் கூலி மட்டுமே.

இத்தகைய உடைமைப் பாத்திரங்களை உரிமம் பெற்று வரையும் தொழிலில் ஓர் அறக் கேள்வி அடிக்கடி எழுகின்றது. புகைப்படத்தையோ பிறர் ஓவியத்தையோ பார்த்து வரையலாமா? அதன்மேல் தாளை விரித்து ஒற்றியெடுக்கலாமா? முன்னது கல்வி, பின்னது களவு என்பதே வழக்கமான விடை. விடை பெரும்பாலும் சரியே. அது எதனாற் சரியாகின்றது என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

கோணேசர் மலையை வரையுமாறு திருகோணமலை மாணவன் ஒருவனிடம் சொல்லிப் பாருங்கள். நாள்தோறும் கண்ட மலையை விட்டு, நாட்காட்டியிற் கண்ட கோயிலையே வரைவான். நேரிற் போய்ப் பார்க்கும்போதுதான் பாறை எவ்விடத்திற் கடலை நோக்கிச் சரிகின்றது, நிழல் எங்கே விழுகின்றது என்பவை புலனாகும். அங்கே கண் தேர்கின்றது, தள்ளுகின்றது. ஒற்றியெடுப்பவனுக்கோ விளிம்பு கிடைக்கும். பாறையின் கனம் கிடைக்காது. புகைப்படக் கருவிக்காகச் சிரித்த முகத்தை அப்படியே ஒற்றினால், கதையில் மரணச் செய்தி கேட்பவனும் சிரித்துக்கொண்டே நிற்பான்! தமிழ் வாசகரும் அறிந்த ரிப் கெர்பியை 1946இல் தொடங்கிய அலெக்ஸ் றேமண்ட், ஆட்களை நிறுத்திப் பார்த்து வரைந்தவர். ஆயினும் அவர்கள் எப்படி நிற்க வேண்டும் என்பதைக் கதை தீர்மானித்தது.

பிரதி செய்வதே குற்றம் என்று இதனாற் கொள்ளலாகாது. எல். ரி. பி. மஞ்சுசிறீ இலங்கையின் விகாரைச் சுவரோவியங்களைப் பல்லாண்டுகள் அலைந்து பிரதி செய்தார். பிரதி என்றே சொன்னார். மூலங்களுட் சில அழிந்த பின் அவர் கைவேலையே நமக்குச் சான்று. ஆகவே குற்றம் தாளிலும் பென்சிலிலும் இல்லை. பிறர் உழைப்பை மறைத்துத் தன் பெயரில் விற்பதில் இருக்கின்றது.

1939இல் பாட்மன் முதன்முதல் தோன்றிய இதழின் அட்டையை எடுத்துக்கொள்வோம். கயிற்றிற் பாயும் அவ்வுருவத்தின் நிலை, றேமண்ட் 1937இல் வரைந்த ‘பிளாஷ் கோர்டன்’ கட்டமொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. வரைந்தவர் பொப் கேன். ஆனால் இதனினும் பெரிய பறிப்பு வேறொன்று. அவ்வீரனின் தோற்றத்தையும் முதற் கதையையும் ஆக்கியதிற் பெரும் பங்குடைய பில் பிங்கர் 1974இல் இறந்தார். படைத்தோர் வரிசையில் அவர் பெயர் முறையாக ஏறியது 2015இல்! கோட்டுத் திருட்டைப் பேசும் விமரிசகர்கள் பெயர்த் திருட்டை ஏன் நெடுங்காலம் பேசவில்லை?

அவசரமும் குறைந்த கூலியுமே ஓவியனை ஒற்றத் தூண்டுகின்றன என்பர். உண்மைதான். எனினும், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன் ஒருவன், அயலில் நிற்பவன் சுமந்த மூட்டையைத் தன் கணக்கில் எழுதுவித்தால், முதலாளிக்கு அதனால் நட்டம் ஏதுமில்லை. இழப்பவன் இன்னொரு தொழிலாளி. நிறுவனம் தரும் உரிமம் அதன் வீரனை வரையும் உரிமையே. வேறொரு புகைப்படக்காரனின் உழைப்பு அதில் அடங்காது.

மேலுலகத்தின் நீதியோ வேறு. இர்வ் நோவிக் 1962இல் ஒரு போர்ச் சித்திரக் கதைக்கு வரைந்த கட்டத்தை முதன்மையாகக் கொண்டு, றோய் லிக்ரன்ஸ்டைன் 1963இல் ‘வாம்!’ என்னும் பெரும் ஓவியத்தைத் தீட்டினார். மாற்றங்களும் செய்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1966இல் அதனை இலண்டன் ரேற் கலைக்கூடம் வாங்கியது. நோவிக்கின் கட்டம் வெளிவந்த இதழோ சில சதத்துக்குக் கடைகளில் விற்கப்பட்டது.