விரிந்துபோன காற்றுப்பையும் விற்பவனின் மௌனமும்

விபத்தில் அகப்பட்ட கார் ஒன்று திருத்தப்பட்டு விற்பனைக்கு வருகிறது. தகரவேலை முடிந்து, புதுவர்ணம் பூசப்பட்டு, பார்வைக்குக் குறையேதுமின்றி நிற்கிறது. ஆனால் விபத்தின்போது விரிந்த காற்றுப்பைகளுக்குப் பதிலாகப் புதியவை பொருத்தப்படவில்லை. வாங்க வந்தவர் அதைப்பற்றிக் கேட்கவில்லை, விற்பவரும் சொல்லவில்லை. பணம் கைமாறுகிறது. பொய் என்று எவரும் ஒரு சொல்லேனும் பேசவில்லை. அப்படியாயின் இங்கே அநீதி ஏதும் நடந்ததா?

பாவித்த காரை வாங்கி, பின்னர் அதையே விற்பது நம்மவரிடையே சாதாரண விடயம். யப்பானில் ஓடி முடிந்து இங்கே வந்த கார்கள் எத்தனையோ வீடுகளில் நிற்கின்றன. ஆகவே இந்தக் கேள்வி கராஜ்காரரை மட்டும் சார்ந்ததன்று. நம் எல்லோரையும் சார்ந்தது.

முதலில் காரியத்தை விளங்கிக்கொள்வோம். காற்றுப்பை என்பது சுக்கான் வளையத்தின் நடுவிலும், முன் ஆசனத்திற்கு எதிரேயுள்ள பலகையினுள்ளும் மடித்து வைக்கப்பட்டிருக்கும் துணிப்பை. கடும் மோதலை உணர்கருவிகள் அறிந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரச் சைகை அனுப்புகிறது. உடனே வாயு பிறந்து, ஒரு செக்கனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு நேரத்தினுள் பையை நிரப்புகிறது. கண் இமைப்பதற்கும் இதைவிடக் கூடுதலான நேரம் வேண்டும். ஒருமுறை விரிந்த பையை மடித்து மீண்டும் பாவிக்க முடியாது. பையை மாற்றுவது மாத்திரமும் போதாது. தயாரித்த கம்பனியின் விதிப்படி உணர்கருவிகளையும், கட்டுப்பாட்டுப் பெட்டியையும், மோதலின்போது தாமாக இறுகும் ஆசனப்பட்டிகளையும் பரிசோதித்து, வேண்டியவற்றைப் புதிதாக்க வேண்டும். செலவு பெரிது, பழைய காராயின் அதன் பெறுமதியில் கணிசமான பங்கை அது விழுங்கிவிடும். சோதனை பிறப்பது இங்கேதான்.

அந்தச் சோதனைக்கு இணங்குவோர் செய்வது என்ன? வெறும் குழியின் மேல் ஒரு மூடியை ஒட்டிவிடுகின்றனர். எச்சரிக்கை விளக்கு காட்டிக்கொடுக்காதபடி, பை இருக்கவேண்டிய இடத்தில் சிறியதொரு மின்தடையைப் பொருத்திக் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஏமாற்றுகின்றனர். மனிதன் வாயால் சொல்லாத பொய்யை விளக்கு அணைந்து நின்று சொல்கிறது!

வேறு சிலர் தரமற்ற மலிவான பாகங்களைப் பொருத்துகின்றனர். இதன் விளைவை அமெரிக்கா கண்டது. அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2024 யூலையில் விடுத்த எச்சரிக்கையின்படி, அதற்கு முந்திய ஒன்பது மாதங்களில் இத்தகைய பாகங்களால் 3 பேர் மாண்டனர். வேறு 2 பேர் வாழ்நாள் முழுவதும் மாறாத காயங்களுக்கு உள்ளாகினர். அவை யாவும் முன்னொரு விபத்தின்பின் திருத்தப்பட்டு விற்கப்பட்ட கார்கள். பையை நிரப்பவேண்டிய உலோகக் கருவி சிதறி, ஓட்டியவரின் நெஞ்சிலும் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்தது. தப்பிப் பிழைத்திருக்கக்கூடிய மோதல்களிலேயே இவ்வாறு நேர்ந்தது. காப்பதற்கென்று வைத்ததே கொன்றது.

“சட்டம் என்னைக் கட்டாயப்படுத்தவில்லையே” என்று சிலர் சொல்லக்கூடும். பாவித்த காரை விற்குமுன் விரிந்த பையை மாற்றியே தீரவேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய சட்டமும் விதிக்கவில்லை. ஆனால் சட்டம் மௌனமாயிருக்கும் இடத்தில் மனச்சாட்சியும் மௌனமாயிருக்கலாம் என்பது எந்த நீதியில் உள்ளது?

விற்பவன் தன் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்ற கேள்வியைப் புனித தோமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார். கண்ணுக்குத் தெரியும் குறை வேறு, மறைந்திருக்கும் குறை வேறு என்று அவர் பிரிக்கிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால் வாங்குபவனே அதைக் காண்கிறான். விலையை அதற்கேற்பக் குறைத்தால் வாய் திறந்து சொல்லாவிடினும் அநீதியில்லை. ஆனால் குறை மறைந்திருந்து, அதனால் வாங்குபவனுக்கு இழப்போ ஆபத்தோ நேரக்கூடுமாயின், சொல்லியே தீரவேண்டும். சொல்லாவிடில் அது வஞ்சகம். குதிரையை வைத்துச் சொன்ன நீதி காருக்கும் அப்படியே பொருந்தும். காற்றுப்பையைப்போல் மறைந்திருக்கும் பொருள் காரில் வேறேது? அது உண்டா இல்லையா என்பதை உரிமையாளன் அறியும் நாள், பெரும்பாலும் அது அவனுக்குத் தேவைப்படும் நாளே.

“விலையைக் குறைத்துத்தானே கொடுத்தேன்” என்பது இன்னொரு சமாதானம். காரணத்தைச் சொல்லாத விலைக்குறைப்பு பணக்கணக்கைச் சரிசெய்யலாம், உயிர்க்கணக்கைச் சரிசெய்யாது. வாங்கியவர் தம் மனைவியை முன் ஆசனத்தில் இருத்திக்கொண்டு, காவல் உண்டென்ற நம்பிக்கையில் வீதியில் இறங்குகிறார். அந்த அம்மாவுக்கு விலைக்குறைப்பில் என்ன பங்கு? ஆகவே இது களவு செய்யாதிருப்பாயாக என்ற கட்டளையோடு நின்றுவிடும் காரியமன்று. பொய்ச்சாட்சிக்கு எதிரான கட்டளையும், கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளையும் இதனுள் அடங்கும்.

இந்தத் தவறில் பலர் பங்காளிகள். “முதலாளி சொன்னார், செய்தேன்” என்கிறார் மெக்கானிக். “கராஜ்காரர் சரியென்றார்” என்கிறார் உரிமையாளர். “நான் இருவரையும் சேர்த்துவைத்தவன் மட்டுமே” என்கிறார் தரகர். குற்றத்தைப் பலர் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவர் பங்கும் இலேசாகிவிடும் என்று நினைப்பது தவறு. அறிந்து உதவிய ஒவ்வொருவரும் பொறுப்பாளியே.

எல்லாவற்றிலும் கடினமான நிலை ஏமாற்றப்பட்டவருடையது. அறியாமல் வாங்கினார், பின்னர் உண்மை தெரியவந்தது. மாற்றப் பணமில்லை. தாம் ஏமாந்ததுபோல் இன்னொருவரிடம் தள்ளிவிட்டால் என்ன? அவர்மேல் நமக்கு இரக்கம் உண்டு. ஆனால் தனக்கு இழைக்கப்பட்ட அநீதி, அதை அயலானுக்கு இழைக்கும் உரிமையைத் தருவதில்லை. காரை விற்கலாம், குறையைச் சொல்லி விற்கட்டும். நட்டம் வரும், அந்த நட்டம் நீதியின் விலை. அறியாமல் முன்னரே விற்றுவிட்டாரா? அறியாமையில் செய்தது பாவமன்று. ஆனால் அறிந்த நாள்முதல் கடமை தொடங்குகிறது. வாங்கியவரைத் தேடிச்சென்று சொல்லவேண்டும். நட்டத்தையும் இயன்றவரை ஈடுசெய்ய வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஆபத்தில் இருப்பவருக்கு ஒரு வார்த்தையும் சொல்லாதிருப்பது மெய்யான மனஸ்தாபமாகுமா?

வாங்குவோருக்கும் ஒரு சொல். திறப்பைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில செக்கன்களில் அணையவேண்டும். எரியவே இல்லையென்றாலோ, எரிந்தபடியே நின்றாலோ சந்தேகியுங்கள். விளக்கு ஒழுங்காக அணைந்தாலும் அதுவே முடிந்த சாட்சியன்று. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். பையில் வெடிக்கும் பொருள் இருப்பதால் நீங்களே மூடியைக் கழற்றிப் பார்க்கவேண்டாம். முக்கியமாக, விற்பவரிடம் நேருக்கு நேர் கேளுங்கள்: “இந்தக் கார் அடிபட்டதா? காற்றுப்பை விரிந்ததா?”

விற்பவரோ அந்தக் கேள்வி வரும்வரை காத்திருத்தல் ஆகாது. அந்தக் காரில் தம் சொந்தப் பிள்ளை ஏறிப்போவதாயிருந்தால் எதைச் சொல்லாமல் விடமாட்டாரோ, அதையே அந்நியரிடமும் சொல்லட்டும். பிறர்சிநேகம் வியாபாரத்தில் கேட்பது இவ்வளவே.