நன்றி மறவாமையே நித்திய கைங்கரியம்



திருவிழாவைச் சேவிக்க வந்து, கூட்டத்தில் நெருக்குண்டு, வெயிலில் காத்திருந்து, எம்பெருமானின் திருமுன் ஒரு கணம் நிற்கிறோம். அந்த ஒரு கணத்தில் நம் உள்ளம் எதை விண்ணப்பிக்கிறது? பெண்ணுக்கு வரன், பிள்ளைக்கு உத்தியோகம், தீராத பிணிக்கு நிவாரணம். கேட்பதில் குற்றமில்லை, குழந்தை தாயிடமன்றி வேறெவரிடம் கேட்கும்? ஆயினும், சென்ற ஆண்டு இதே சந்நிதியில் கேட்டுப் பெற்றதை இவ்வாண்டு நினைத்தோமா?

ஸ்ரீமத் ராமாயணத்தின் தொடக்கத்தில், நற்குணங்கள் யாவும் நிறைந்த மனிதன் எவன் என்று வால்மீகி முனிவர் நாரதரை வினவுகிறார். அவர் அடுக்கும் 16 குணங்களுள், வாய்மைக்கும் முன்னதாக வைக்கப்பட்டிருப்பது ‘க்ருதஜ்ஞன்’ என்பது. தனக்குப் பிறர் செய்ததை அறிந்திருப்பவன் என்று பொருள். எவரேனும் எவ்வாறேனும் செய்த ஒரேயோர் உபகாரத்திலேயே இராமபிரானின் திருவுள்ளம் நிறைந்துவிடும் என்றும், அபகாரங்கள் நூறானாலும் அவர் நினைவில் தங்கா என்றும் அயோத்தியா காண்டம் காட்டுகிறது.

நம் கணக்கோ தலைகீழானது. நூறு நன்மைகளை மறக்கிறோம்; ஒரு குறையை மட்டும் நெஞ்சில் எழுதிவைத்து இரவெல்லாம் அதையே படிக்கிறோம். பிறகு மனத்துக்கு அமைதி ஏது?

சுக்ரீவனை நினைத்துப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் பிராட்டியைத் தேட முனைவதாக வாக்களித்தவன், இழந்த அரசும் போகமும் கைக்கு வந்ததும் அவற்றில் மூழ்கிவிட்டான். சினங்கொண்டு வந்த இளையபெருமாள், வேறு பாவங்களுக்குப் பிராயச்சித்தம் உண்டு, செய்ந்நன்றி கொன்றவனுக்கு இல்லை என்று இடித்துரைத்தார். திருவள்ளுவரும் தம் 11ஆம் அதிகாரத்தில் இக்கருத்தையே வற்புறுத்துகிறார். சுக்ரீவன் தீயவன் அல்லன்; மறந்தான், அவ்வளவே. துன்பத்தில் நினைப்பதும் சுகத்தில் மறப்பதும் நமக்கும் இயல்பன்றோ?

அடியேனின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். குடும்பச் சொத்தைப் பிரித்தபோது, தமையனார் கிணற்றடி நிலத்தைத் தாம் வைத்துக்கொண்டு மேட்டு நிலத்தை எனக்கு ஒதுக்கினார். ஏழு ஆண்டுகள் அவர் வாசற்படியை நான் மிதிக்கவில்லை. ஒரு கருடசேவையன்று, எனக்கு முன்னால் நின்றவர் தம் மகனைத் தோளில் ஏற்றிப் பெருமாளைக் காட்டினார். என் நெஞ்சு நடுங்கிற்று. தந்தையை இழந்த ஐந்து வயதுச் சிறுவனாகிய என்னை, தாமும் இளம்பிள்ளையாயிருந்தும் தோளில் சுமந்து, முதன்முதலாகக் கருடசேவையைச் சேவிக்கவைத்தவர் அத்தமையனாரே. அன்று என் பாரத்தைச் சுமந்து நின்றவர் தாம் பெருமாளைக் கண்டாரோ இல்லையோ! நிலக்கணக்கு நினைவிலிருந்தது, தோள்கணக்கு மறந்துபோயிற்று. மறுநாள் சென்று அவரைத் தெண்டனிட்டேன். “முதலில் சாப்பிடு” என்றார். என் நிலம் இன்றும் மேட்டு நிலமே. ஆனால் அன்றிரவு, நெடுநாளுக்குப் பின், நிம்மதியாக உறங்கினேன்.

இந்நினைவு தானே வருவதில்லை, பழக்கத்தால் வருவது. மதுரகவியாழ்வார் தம் ஆசாரியரான நம்மாழ்வாரை மட்டுமே 11 பாசுரங்களால் பாடினார். அந்த நன்றிப் பாமாலையை ஸ்ரீமந் நாதமுனிகள் 12,000 உரு ஓதியே, மறைந்திருந்த நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை வரலாறு. ஒருமுறை சொல்லி நிறுத்தியிருந்தால் கிட்டியிருக்குமோ?

காலையில் கால் ஊன்றுமுன் பூமிப்பிராட்டியிடம் பொறுத்தருள வேண்டுவதும், உண்ணுமுன் பெருமாளுக்கு அமுது சமர்ப்பிப்பதும் நம் முன்னோர் வகுத்த பயிற்சிகளே. இவற்றோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வோம். இரவில் உறங்குமுன், அன்று நமக்கு உபகரித்தவர்களை ஒவ்வொருவராக நினைப்போம். பால் கொணர்ந்தவர், பேருந்தில் இடம் தந்தவர், சமைத்த இல்லாள் எவரையும் விடவேண்டா. மறுநாள் ஒருவரிடமாவது வாயால் அதைச் சொல்வோம். அநீதியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருளன்று. துயரத்தில் உழல்பவரிடம் இதை உபதேசிப்பதும் தகாது. அவருக்கு வேண்டியது நம் துணை. இது அவரவர் தம் நெஞ்சுக்குச் செய்துகொள்ளும் உபதேசம்.

இத்திருவிழாவிலேயே தொடங்கலாம். இரவெல்லாம் மாலை தொடுத்தவர்கள், மடைப்பள்ளிப் புகையில் நின்றவர்கள், திருவீதியைப் பெருக்கியவர்கள் அனைவரும் நமக்கு உபகாரிகள். இன்று புறப்பாட்டின்போது பெருமாளைக் கண்ணாரச் சேவியுங்கள். பின் அக்கண்களைச் சற்றே தாழ்த்தி, அவரைச் சுமந்துவரும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோள்களையும் ஒருமுறை பாருங்கள். உங்களைச் சுமந்த தோள்கள் தாமே நினைவுக்கு வரும்.

சுபமஸ்து.