பகைவர் மொழியைப் பயிலலாமா?

ஒருவன் நமக்குத் தீங்கிழைத்தான். அவனுடைய மொழியை நாம் கற்கலாமா? இக்கேள்வி ஏட்டிலிருந்து எடுத்ததன்று. பத்துமலை அடிவாரத்தில், பூக்கடைகளின் நடுவே, ஒரு மூதாட்டியார் தம் பேத்தியை நோக்கிக் கேட்டது.

பேத்தி கலாசாலை மாணவி. ஜப்பானிய மொழியையும் அந்நாட்டுப் பண்பாட்டையும் பயிலும்பொருட்டு ஓராண்டு அங்கே தங்கி, விடுமுறைக்கு வந்திருந்தாள். 272 படிகளையும் ஏறியிறங்கிக் களைத்து நின்ற ஜப்பானியப் பிரயாணிகள் இருவர் ரயில் நிலையத்துக்கு வழி தேடி விழித்தனர். அவள் அவர்கள் மொழியிலேயே வழி சொன்னாள். அவர்கள் வியந்து, இடை வளையக் குனிந்து வணங்கினர். உடனிருந்த நமக்கெல்லாம் பெருமை. பாட்டியார் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஏம்மா, படிக்க உனக்கு வேறே பாஷையே கிடைக்கவில்லையா?” என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் பேசவில்லை.

தோட்டத்து முதியோரோடு வாழ்ந்த எவர்க்கும் இதன் பொருள் விளங்கும். 1942 ஜனவரி 11-ஆம் நாள் ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் புகுந்தது. அவ்வாண்டிலேயே சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போடும் வேலை தொடங்கிற்று. நல்ல கூலி என்று ஆசை காட்டியும், பின்னர் ஆசை காட்டாமலே லாரிகளில் ஏற்றியும், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டுபோயினர். 1943 அக்டோபரில் இருபுறத்துத் தண்டவாளங்களும் கூடின. அதற்குள் வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அடியும் கொண்டுபோன உயிர்களுக்குச் சரியான கணக்கில்லை. சிறைப்பட்டு மாண்ட வெள்ளைப் போர்வீரர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர் பெரும்பாலோர்க்குப் புதைத்த இடமே தெரியாது. அப்பாட்டியாரின் தந்தை அங்ஙனம் போய்த் திரும்பாதவர். பாட்டியார் அப்போது கைக்குழந்தை.

‘போனது போகட்டும்’ என்போர் உளர். 1982-இல் பிரதமர் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தார். அதன்வழி நம் நாட்டு மாணவர் பலர் உபகாரச் சம்பளம் பெற்று ஜப்பானுக்குச் சென்றனர். ஜப்பானியரின் உழைப்பையும் ஒழுங்கையும் கற்றுவருக என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. நன்று. ஆனால் ஒழுங்கைக் கற்கத் தோட்டத் தமிழன் கடல் கடக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாய் நின்றவன் அவன். அதுவும் தலைமுறை தலைமுறையாக. உழைப்பு மட்டுமே ஒரு கூட்டத்தாரை உயர்த்துமாயின் நம் லயங்கள் மாளிகைகளாயிருக்க வேண்டுமே! மருத்துவத்தையும் பொறியியலையும் தம் தாய்மொழியிலேயே கற்பிக்கத் துணிந்தார்களே, அத்துணிவையன்றோ நாம் அவர்களிடம் கற்க வேண்டும்? இது நிற்க.

மொழி என்ன பாவம் செய்தது, கொன்றவன் மனிதனன்றோ என்று எளிதாய்ச் சொல்லிவிடலாம். நமக்கு அவ்விடை போதவில்லை. மொழியும் அப்பாவத்தில் பங்கு கொண்டதுதான். ஏவல்கள் அம்மொழியில்தான் வந்தன. பிடித்துச் சென்றவர்களுக்கு ‘ரோமுஷா’ என்று பெயரிட்டனர். உழைப்பாளி என்பதே அதன் நேர்ப்பொருள். அடிமையை உழைப்பாளி என்றழைக்கும் நாகரிகம்! நம் முதியோர் அறிந்த ஜப்பானியமோ, கன்னத்தில் அறை விழுமுன் கேட்ட ‘பாக்கேரோ’ என்னும் வசவு. அந்த வசவின் மொழி தம் வீட்டுக் கூடத்துக்குள் திரும்பி வந்தால் பாட்டியார் முகஞ்சுளிப்பது பேதைமையாகுமா?

ஆனால் அப்பெண் கற்ற ஜப்பானியம் வேறு. ‘தபேதே மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’; ‘மிரு’ என்பதே ‘பார்’ என்னும் வினை. கண்ணாற் பார்ப்பதையும் முயன்று பார்ப்பதையும் ஒரே சொல்லாற் குறிக்கும் வழக்கம் இரு மொழிக்கும் உண்டு. வினை ஈற்றில் நிற்கும். வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டும். ‘என்று சொன்னான்’ என்பதிலுள்ள ‘என்று’வுக்கு ஈடாக அவர்களுக்கு ஒரு ‘தோ’ உண்டு. ஆங்கிலத்தில் இடறி விழுந்த நம் பிள்ளை இங்கே தாய்வீட்டுத் திண்ணையில் நடப்பதுபோல் நடந்தாளாம். இவ்வொற்றுமைகளைக் கண்டு சுசுமு ஓனோ என்னும் ஜப்பானியப் பேராசிரியர் இரண்டும் உறவு மொழிகளே என்று வாதித்தார்; மொழிநூலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வசவு ஒன்றையே அறிந்த செவிக்கு இது புதுச் செய்தி.

ஒரு நாட்டினர் முழுவதையும் ஒரே ஆளாக்கிப் பகைப்பது எளிது. அந்நாட்டிலும் தீண்டாதார் எனத் தள்ளப்பட்ட மக்கள் இருந்தனர். 1871-இல் சட்டத்தால் விடுவிக்கப்பட்டும் இழிவு நீங்காமையால், 1922-இல் கியோத்தோவில் ‘சுயிஹெய்ஷா’ என்னும் சமத்துவக் கழகம் கண்டனர். இவர்களையும் பகைவர் பட்டியலிற் சேர்ப்போமா? காஞ்சனபுரியில் ஜப்பானிய இராணுவப் போலீசாருக்கு மொழிபெயர்ப்பாளராயிருந்த நாகசே தகாஷியை எண்ணுவோம். வதைபட்டவனின் கதறலையும் வதைத்தவனின் கேள்வியையும் இரு மொழியிலும் அறிந்தவர் அவர். போருக்குப் பின் நூறு முறைக்குமேல் சயாம் சென்று, மாண்டோர்க்காக அங்கே ஒரு கோயில் எழுப்பினார். தம் கண்முன் வதைபட்ட எரிக் லோமாக்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரரை 1993-இல் சந்தித்து மன்னிப்புக் கோரினார். இரு மொழியும் அறிந்தவன் கேட்டதைக் கேளாததாக்க முடியாது போலும்.

நம் நாட்டுப் பினாங்கில் பிறந்த அப்துல் ரசாக் அப்துல் ஹமீது மற்றொருவர். ஜப்பானியர் ஆட்சியில் படிக்க அனுப்பப்பட்ட மாணவர். 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது வகுப்பறையில் இருந்தார். உடன் படித்த மலாயா நண்பர் இருவர் மாண்டனர், இவர் பிழைத்தார். ஊர் திரும்பி, பிற்காலத்தில் எந்த மொழியைப் போதித்தார்? ஜப்பானிய மொழியைத்தான்.

ஆகவே நம் கருத்தைத் திட்டமாகச் சொல்வோம். ஒரு மொழியை அறியாதவன் அம்மொழியில் ஏவப்படலாம். கேள்வி கேட்க இயலாது. அறிந்தவனே கேட்கலாம். பகைவர் மொழியைப் பயில்வது மறதியன்று. ஆனால் கேட்பதற்கொரு கேள்வி கையில் வேண்டும். அதைக் கொண்டுபோகாமல் படித்துவருபவர், பிரயாணிகளுக்கு வழி சொல்லலாம், அவ்வளவே.

அப்பெண் நம்மிடம் ஒன்றைச் சொல்லி அழுதாள். தோக்கியோவில் யசுகுனி ஆலயத்தை அடுத்த போர்க் காட்சிசாலையில் அச்சயாம் பாதையில் ஓடிய நீராவி எஞ்சின் ஒன்று மெருகேறி நிற்கிறது. அவள் அதன்முன் நின்று, சிரித்த முகத்தோடு படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கொள்ளுத்தாத்தா ‘சயாமுக்குப் போனவர்’ என்று கேட்டிருந்தாள். ஏன், எப்படி என்று எவரும் சொன்னதில்லை. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவல் தமிழிலேயே இருக்கிறது, அவள் படித்ததில்லை. குற்றம் ஜப்பானியம் கற்றதிலா? வாய் திறவாத வீட்டாரை நாம் குறை சொல்வது எளிது. தந்தையின் முகத்தையே அறியாத ஒரு மூதாட்டியார் எதை எடுத்துச் சொல்வார்? நாமும்தான் அத்தனை ஆண்டுகள் அண்டை வீட்டிலிருந்தும் கேட்டோமில்லை.

ஊர் திரும்புமுன் ஒரு மாலை அவள் பாட்டியாரின் காலடியில் அமர்ந்திருந்தாள். “அப்பாவுக்கு அவன் பாஷையில் என்ன சொல்லுவான்?” என்றார் பாட்டியார். பிறர் தந்தையானால் ‘ஒதோசான்’, தன் தந்தையைப் பிறரிடம் சொல்லும்போது ‘சிச்சி’ என்றாள் பேத்தி. “சீச்சீ! பெற்றவனுக்கு இப்படியும் ஒரு பேரா!” என்று பாட்டியார் சிரித்துவிட்டார். சற்று நேரங்கழித்து, எவரும் கேளாமலே, தம் தந்தையின் பெயரைச் சொன்னார். எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் லயம் என்பதையும் சொன்னார். அவள் குறிப்பேட்டைத் திறந்து தமிழில் எழுதினாள். அதன்கீழே, வெளிநாட்டார் பெயர்களை ஜப்பானியர் எழுதும் கத்தகானா எழுத்தில், மெல்லக் கூட்டிக் கூட்டி, அப்பெயரை மறுபடியும் எழுதினாள்.