நல்லெண்ணம் போதுமா?

நல்ல நிய்யத்தோடு ஒருவருக்கு ஒரு யோசனை சொல்கிறோம். அதனால் அவருக்குக் கேடு நேருமாயின், அப்பழி நம்மைச் சாருமா, சாராதா? இக்கேள்வியை நம்மிடம் கொண்டுவந்தது ஒரு பாக்கெட் உப்பு.

சிங்கப்பூரில் நம் கடைக்குப் பல்லாண்டுகளாக வந்துகொண்டிருக்கும் பெரியவர் ஒருவர், நீரிழிவு முற்றிச் சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருகிறார். அவர் வீட்டம்மா உப்புக் கேட்டு வந்தபோது, "லாத்தா, சோடியம் குறைந்த உப்பு வந்திருக்கிறது. காக்காவுக்கு இதுதான் நல்லது" என்று எடுத்துக் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் அவர் மகன் அந்தப் பாக்கெட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்தார். மருத்துவமனையிலுள்ள ஆகார நிபுணர் அதன் பின்புறத்தைப் படித்துவிட்டு, கூடவே கூடாதென்று சொன்னாராம். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியத்தைச் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அது சரிவர வெளியேறாமல் இரத்தத்திலே தேங்கும். மிகுந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகி நின்றுவிடக் கூடும். 2025இல் உலகச் சுகாதார நிறுவனம் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகக் கோளாறுடையோரை விலக்கியே கூறிற்று. நாமோ பாக்கெட்டின் முன்புறத்தை மட்டும் படித்திருந்தோம்.

மனம் கேட்கவில்லை. அடுத்த தடவை பெரியவருடன் நாமும் போனோம். ஆகார நிபுணர் என்றால் அதைத் தின்னாதே, இதைத் தின்னாதே என்று சொல்பவர் என்றே எண்ணியிருந்தோம். நம் மகள் வயதுடைய அப்பெண், நாம் பேரேட்டைப் பார்ப்பதுபோல் முதலில் இரத்தப் பரிசோதனைக் கணக்கைப் பார்த்தார். பிறகு கேள்விகள். தேநீர் எத்தனை கோப்பை? கருவாடு உண்டா? இளநீர், பேரீச்சம்பழம்? கஞ்சியும் ரசமும் தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பது நமக்குப் புதுச் செய்தி. கீரையையும் உருளைக்கிழங்கையும் நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் குறையுமென்று லாத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். (அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவாரும் உண்டு, அதில் நம் வீட்டுச் சமையல் ஒன்றுமிராது.)

நம்மைத் திகைக்க வைத்தது இறைச்சி விஷயம். சுத்திகரிப்புத் தொடங்குமுன் உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்ற அளவோடு புரதத்தை நிறுத்தச் சொன்னவர்கள், இப்போது 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள். சுத்திகரிப்பின்போது புரதமும் ஓரளவு கழிந்து போய்விடுகிறதாம். இதையறியாத அண்டை வீட்டார், "இறைச்சியைத் தொடாதீர்கள்" என்று பழைய பாடத்தையே ஓத, பெரியவர் மாதக்கணக்கில் கஞ்சியோடு இருந்து கை கால் மெலிந்து போனார். அவர்கள் எண்ணமும் நல்லெண்ணந்தான்.

கால் கிலோ பருப்பையும் நிறுக்காமல் கொடுக்க மனம் ஒப்பாத வியாபாரிகள் நாம். உயிரோடு சம்பந்தப்பட்ட யோசனையை மட்டும் குத்துமதிப்பாக அள்ளிக் கொடுக்கிறோம். தெரியாமல் செய்ததற்குக் குற்றமில்லை என்று நண்பர் ஒருவர் நம்மைத் தேற்றினார். நமக்கு அது முழுச் சமாதானமாகப் படவில்லை. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்கவும் வழியிருக்கிறது என்னும்போது, தெரியாமை எவ்வளவு தூரம் நம்மைக் காக்கும்?

அந்த உப்பை இன்னும் விற்கிறோம். சிறுநீரகம் நன்றாயிருப்பவர் பலருக்கு அது நல்லதே. எடுப்பவரிடம் மட்டும், வீட்டில் யாருக்கேனும் சிறுநீரக வியாதி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கிறோம். "உப்பு வாங்க வந்தால் வியாதியை விசாரிக்கிறீரே, பாய்!" என்று சிலர் முகஞ் சுளிக்கத்தான் செய்கிறார்கள்.