‘இதுவரை’ என்பதும் ‘என்றுமே’ என்பதும்

கர்நாடகத்தில் பாலாற்று நீர்த்தேக்கத்தின் கரையில் அமைந்த ஊர் பேத்தமங்களா. அருகிலுள்ள கோலார் தங்கவயலுக்கும், அங்கே தலைமுறைகளாக உழைத்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கும் நெடுங்காலம் தண்ணீர் தந்தது இந்த ஏரிதான். அந்தத் தங்கவயலின் சுரங்கம் ஒன்றில், 1980-ஆம் ஆண்டு, தங்கத்தோடு தொடர்பில்லாத ஒரு காத்திருப்பு தொடங்கியது.

அணுவின் உட்கருவில் உள்ள புரோட்டான் என்றாவது சிதையுமா? இதை அறிய, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினரும் ஜப்பானிய அறிஞர்களும் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 140 டன் எடையுள்ள கருவியை நிறுவினர். ஒரு புரோட்டான் சிதைந்தாலும் விடை கிடைத்துவிடும். சிதையாவிட்டால், எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாலும் ‘இதுவரை சிதையவில்லை’ என்றே சொல்லலாம். ‘என்றுமே சிதையாது’ என்று சொல்ல இயலாது. சிதைவாக இருக்கலாம் என்று அவர்கள் கருதிய சில பதிவுகளைப் பின்னர் வந்த பெரிய கருவிகள் உறுதிப்படுத்தவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

இயற்கை தன் இரகசியத்தை மறைத்து வைத்திருக்கிறது. ஆனால் கணினி நிரல் மனிதன் எழுதியது, அதன் ஒவ்வொரு கட்டளையும் கண்முன் இருக்கிறது. அது வேலையை முடித்து நிற்குமா, முடிவின்றி ஓடுமா என்பதையாவது முன்கூட்டியே கூற முடியாதா?

1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் எழுப்பிய வினா ஒன்றைப் பார்ப்போம். 1 முதல் 4 வரையுள்ள எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் 25. அது 5-இன் வர்க்கம். 5 வரை பெருக்கி 1 கூட்டினால் 121. அது 11-இன் வர்க்கம். 7 வரை பெருக்கி 1 கூட்டினால் 5041. அது 71-இன் வர்க்கம். இவ்வாறு வர்க்கம் தரும் வேறு எண் உண்டா? ‘நான்காவது எண் கிடைத்ததும் நில்’ என்று சில வரிகளில் ஒரு நிரல் எழுதிவிடலாம். 100 கோடி வரை தேடியும் அந்த எண் கிடைக்கவில்லை என்ற முடிவு 2000-இல் வெளியாயிற்று. அந்த நிரல் என்றாவது நிற்குமா என்பது இன்றும் யாருக்கும் தெரியாது.

எந்த நிரலைக் கொடுத்தாலும் ‘நிற்கும்’ அல்லது ‘நிற்காது’ என்று தவறாமல் தீர்ப்புக் கூறும் ‘நடுவர் நிரல்’ இருக்க முடியாது என்பது, ஆலன் டூரிங் 1936-இல் நிறுவிய உண்மையிலிருந்து தெளிவாகிறது. காரணம் எளியது. அப்படி ஒரு நடுவர் இருப்பதாகக் கொள்வோம். அதனிடம் தன்னைப் பற்றியே கேட்டு, அது சொல்வதற்கு நேர்மாறாக நடக்கும் நிரல் ஒன்றை அமைக்கலாம். நடுவர் ‘நிற்கும்’ என்றால் அது ஓடிக்கொண்டே இருக்கும். ‘நிற்காது’ என்றால் உடனே நின்றுவிடும். நடுவர் எதைச் சொன்னாலும் பொய்யாகிறது. இது கணினியின் வேகக் குறைவு அன்று. தர்க்கம் விதித்த எல்லை.

இதனால் எதையுமே அறிய முடியாது என்று ஆகிவிடாது. பல நிரல்களைத் தனித்தனியே ஆராய்ந்து உறுதியான முடிவுக்கு வரலாம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே அளவுகோல்தான் இல்லை.

மனிதன் நிரல் அல்லன். இந்தத் தேற்றம் அவனைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. எனினும் அது ஒரு கேள்வியை எழுப்புகிறது. கட்டளைகள் அனைத்தும் வெளிப்படையாக உள்ள ஒன்றுக்கே பொதுவான நடுவர் இல்லையென்றால், ‘இவன் திருந்தவே மாட்டான்’ என்று பெற்ற மகனைப் பற்றி ஒரு தந்தை எவ்வாறு தீர்ப்பளிக்கிறார்? அவர் கண்டது ‘இதுவரை’ மட்டுமே.

அப்படியானால் குடிப்பவனின் குடும்பம் முடிவின்றிப் பொறுத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. இதுவரை நடந்ததைக் கொண்டே பணத்தைப் பாதுகாக்கலாம், குழந்தைகளைக் காக்கலாம், உறுதியான எல்லை வகுக்கலாம். இவற்றுக்கு ‘என்றுமே’ என்ற சொல் தேவையில்லை. அந்தச் சொல் யாரையும் காப்பதில்லை; கேட்பவனின் நம்பிக்கையை மட்டும் அடைக்கிறது. மேலும், தன்னைப் பற்றிய தீர்ப்பைக் கேட்டபின் அதற்கு மாறாக நடக்கும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு. பிறர் கூறும் தீர்ப்புக்கு மட்டுமன்றி, ‘என்னால் ஒருபோதும் முடியாது’ என்று தனக்குத்தானே வழங்கிக்கொள்ளும் தீர்ப்புக்கும் இது பொருந்தும்.

சுரங்கத்தின் இருளில் தேடப்பட்ட அடிப்படையான ஒரு பொருளைப் பற்றி அறிவியல் இன்றும் ‘இதுவரை’ என்ற சொல்லோடுதான் நிற்கிறது. அந்த நேர்மையை நாம் உடன் வாழும் மனிதருக்கும் அளிக்கலாம்.