முல்லை யாருடையது?

பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, கும்பகோணத்தில் நாங்கள் வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் போனேன். வாங்கியவர் இன்னும் இடிக்கவில்லை, பூட்டி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அத்தையின் மாடிப்படியில் நின்று கொல்லையைப் பார்த்தேன். துவைகல்லை நாயுருவி மூடியிருந்தது. அம்மா களை என்று பிடுங்கிப்போட்ட குப்பைமேனியும் தும்பையும் முழங்காலளவு நின்றன. பந்தல் சரிந்திருந்தது. முல்லை மட்டும் கிணற்றடி முருங்கையைப் பற்றி ஏறிப் பூத்திருந்தது.

"உங்கம்மா இருந்தா இப்புடி விட்டிருக்குமா பாப்பா?" என்றார் அத்தை.

பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சுமந்து ஊற்றி அம்மா வளர்த்த தோட்டம் அது. வீட்டுப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் மட்டுமே இருந்தது. அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. உயில் எழுதாமல் இறந்தார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நான் மூவருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்த 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தத்தையும், 2005இல் வந்த மத்தியத் திருத்தத்தையும் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தவள் நான். ஆனாலும் அம்மாவும் நானும் அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தோம். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பேராசைக்காரி என்று பெயர் வந்துவிடுமோ என்று நானே முந்திக்கொண்டேன். அம்மா எங்கே கையெழுத்திட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியதும் நான்தான்.

"கொல்லைய விக்காம வச்சிருப்பானாடி?" என்று கேட்டாள்.

"பாத்துக்கலாம்மா" என்றேன்.

இரண்டே ஆண்டில் வீடு கைமாறியது. அம்மாவின் கடைசிக் காலம் அண்ணன் வீட்டு பால்கனியில் நான்கு தொட்டிகளோடு முடிந்தது.

விட்டுக்கொடுப்பது அறமா? தன்னுடையது என்று அறிந்து ஒருத்தி தருவது கொடை. தனக்குரியது என்றே நினைத்திராத ஒன்றுக்கு அவளிடம் கையெழுத்து வாங்குவது வேறு. அண்ணனை யாரும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. பெண்ணிடம் மட்டும் எதிர்பார்க்கப்படும் ஒரு பண்பை அறம் என்று சொல்ல இப்போது எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

முல்லைக்குத் தேர் தந்த பாரியைப் போற்றுகிறோம். அவனிடம் தேர் இருந்தது, தர முடிந்தது. அன்றாடம் கொடிக்குத் தண்ணீர் ஊற்றியவளை வள்ளல் என்று யாரும் சொன்னதில்லை. முல்லைத் திணையின் உரிப்பொருள் 'இருத்தல்'. பிரிவை ஆற்றியிருக்கும் பெண்ணின் பொறுமை என்றே அதை ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். இருப்பதற்கு அவளுக்கென்று ஓர் இடம் வேண்டாமா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஆளில்லாமலும் முல்லை பூக்கத்தான் செய்கிறது. செடிக்கு அம்மா தேவைப்படாமல் இருக்கலாம். அம்மாவுக்குச் செடி தேவைப்பட்டது.

சென்ற மாதம் ஒரு மாணவி வந்தாள். "வீட்ல கையெழுத்துக் கேக்குறாங்க மேடம், போட்டுடவா?" என்றாள். போடு என்றோ போடாதே என்றோ நான் சொல்லவில்லை. பத்திரத்தை முழுவதும் படித்து, உன் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு முடிவு செய் என்றேன். பிறகு, "உங்கம்மாவோட பங்கு என்னாகுதுன்னும் கேளு" என்றேன். அந்தக் கேள்வியை என் அம்மாவுக்காக நான் கேட்டிருக்க வேண்டும்.