ஒன்றையொன்று கேட்காத விதைகள்

மளிகைக் கடையில் காய்ந்த பட்டாணி வாங்குகிறவர்களுக்கு இரண்டு நிறமும் பழக்கம்தான்: சுண்டலுக்கு வெளிர்மஞ்சள், குருமாவுக்குப் பச்சை. கையில் அள்ளிப் பார்த்தால் சில வழவழவென்று உருண்டையாக இருக்கும், சில தோல் மடிந்து சுருங்கியிருக்கும். இந்த நான்கு குணங்களையும் எண்ணிப் பார்த்துத்தான் ஒரு துறவி, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எது எப்படி வருகிறது என்ற கேள்விக்கு முதல் உறுதியான பதிலைக் கண்டுபிடித்தார்.

இன்று செக் குடியரசில் இருக்கும் புர்னோ நகரம் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த கம்பளி நெசவு ஊர். நல்ல ரோமம் உள்ள கிடாயின் குட்டிக்கும் அதே ரோமம் வருமா என்பது அங்கே வயிற்றுப்பாட்டுக் கேள்வி. 1830-களில் ஆட்டுப் பண்ணையாளர்கள் கூடி இதை விவாதித்தபோது, புனித தாமஸ் மடத்தின் தலைவர் சிரில் நாப் கேள்வியை நேராக்கி வைத்தார்: எது வழிவழியாக இறங்குகிறது, எப்படி இறங்குகிறது? அந்த மடத்தில் 1843-இல் சேர்ந்தவர் கிரிகோர் மெண்டல். அவரை வியன்னா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க அனுப்பியதும் நாப்தான். 1851 முதல் 1853 வரை அங்கே டாப்ளரிடம் இயற்பியல் கற்றார். சேர்மானக் கணிதத்தில் நூல் எழுதிய எட்டிங்ஸ்ஹவுசனிடமும் பாடம் கேட்டார். எண்ணும் கண் அவருக்கு அங்கிருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன். செடிகளைக் கலந்து பார்த்தவர்கள் அவருக்கு முன்பும் நிறையப் பேர். பிறந்த செடி எப்படி இருக்கிறது என்று அவர்கள் வர்ணித்தார்கள். எத்தனை என்று இவர் கேட்டார்.

பட்டாணிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அதன் அடியிதழ் மூடியே இருப்பதால் வெளி மகரந்தம் எளிதில் உள்ளே போகாது. மொட்டு முதிரும் முன்பே அந்த இதழைப் பிரித்து, மகரந்தப் பைகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவ வேண்டும். 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் மெண்டல் செய்த வேலை இது. இரண்டு குணங்களை ஒரே நேரத்தில் தொடர்ந்து பார்க்க, உருண்டை மஞ்சள் விதை தரும் வகையின் பூவில் சுருங்கிய பச்சை விதை தரும் வகையின் மகரந்தத்தை வைத்தார். கிடைத்த விதைகள் அத்தனையும் உருண்டை, அத்தனையும் மஞ்சள். சுருக்கமும் பச்சையும் அடையாளமே இல்லாமல் போயின. அவற்றை விதைத்து வளர்ந்த 15 செடிகள் தாமாகவே காய்த்து 556 விதைகள் தந்தன. உரித்து எண்ணினார்: உருண்டை மஞ்சள் 315, சுருங்கிய மஞ்சள் 101, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய பச்சை 32.

நடுவில் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். சுருங்கிய மஞ்சளும் உருண்டைப் பச்சையும் தாத்தாவிடமும் கிடையாது, பாட்டியிடமும் கிடையாது. மகன் அப்பனை உரித்து வைத்திருக்கிறான், பெண் அத்தையை அச்சாகக் கொண்டிருக்கிறாள் என்று பேசும்போது, ஒரு ஆளின் குணங்கள் மொத்தமாக ஒரு மூட்டையில் கட்டி வருவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். 556 விதைகள் அந்த மூட்டையை அவிழ்த்துவிட்டன.

வடிவத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் உருண்டை 423, சுருக்கம் 133. நிறத்தை மட்டும் பார்த்தால் மஞ்சள் 416, பச்சை 140. இரண்டிலும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. உருண்டை விதைகளை மட்டும் பிரித்தெடுத்தாலும் அவற்றுள் மஞ்சளும் பச்சையும் மறுபடி மூன்றுக்கு ஒன்றுதான். உருண்டையாக இருப்பதால் மஞ்சளுக்குச் சலுகை இல்லை, சுருங்கியதால் பச்சைக்கு உரிமை இல்லை. ஆகவே முக்காலை முக்காலால் பெருக்கினால் பதினாறில் ஒன்பது உருண்டை மஞ்சள். முக்காலைக் காலால் பெருக்கினால் பதினாறில் மூன்று, அது இரண்டு தடவை. காலைக் காலால் பெருக்கினால் பதினாறில் ஒன்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் 9:3:3:1 இதுதான். அவர்கள் பென்சிலால் போடும் பதினாறு கட்டம், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் ரெஜினால்ட் புன்னட் தந்தது. மேலே நான்கு வகை மகரந்தம், பக்கத்தில் நான்கு வகை முட்டை, சந்திக்கும் இடத்தில் பிள்ளை. கட்டத்தை நிரப்பினால் மதிப்பெண் கிடைக்கும். ஏன் பெருக்க வேண்டும், ஏன் கூட்டக் கூடாது என்று வகுப்பில் யாராவது கேட்டால் அந்தப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ஒன்று நடப்பது மற்றொன்றைக் கேட்டு நடக்கவில்லை என்றால்தான் பெருக்கலாம்.

கேட்டு நடக்கும் இடங்களும் உண்டு. 1905-இல் புன்னட்டும் அவரோடு ஆய்வு செய்த பேட்சனும் சாண்டர்ஸும் மணப்பட்டாணிச் செடிகளில் ஊதாப் பூவும் நீண்ட மகரந்தமும் உள்ள வகையைச் சிவப்புப் பூவும் உருண்டை மகரந்தமும் உள்ள வகையோடு கலந்தார்கள். பேரன் தலைமுறையில் 381 செடிகள். கட்டத்தின்படி சுமார் 215, 71, 71, 24 என்று வந்திருக்க வேண்டும். வந்தது 284, 21, 21, 55. தாத்தாவும் பாட்டியும் சேர்த்து வைத்திருந்த ஜோடிகள் பிரிய மறுத்தன. அந்த இரண்டு ஜீன்களும் ஒரே குரோமோசோமில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்பது பிறகு தெளிவாயிற்று. பட்டாணிக்கு ஏழு ஜோடிக் குரோமோசோம்கள். மெண்டலின் வடிவமும் நிறமும் அவற்றில் வெவ்வேறு ஜோடிகளில் இருக்கின்றன. பாலணு உருவாகும்போது ஒவ்வொரு ஜோடியும் தன் போக்கில் பிரிகிறது. 1990-இல் இங்கிலாந்தின் நார்விச்சில் சுருக்கத்தின் காரணத்தையே கண்டுபிடித்தார்கள். மாவுச்சத்தைக் கிளைகிளையாகக் கட்டும் நொதியின் ஜீனுக்குள் ஒரு டிஎன்ஏ துண்டு புகுந்து அதைக் கெடுத்திருந்தது. மாவு குறைந்து, சர்க்கரை ஏறி, விதை நீரை அதிகம் இழுத்து, காயும்போது தோல் மடிகிறது. பச்சை விதையில் பச்சையத்தைச் சிதைக்கும் வேலை நடப்பதில்லை. ஒன்றில் மாவு, மற்றொன்றில் பச்சையம். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மெண்டல் செய்தவற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது அவர் அடுத்த ஆண்டு செய்தது. 315 உருண்டை மஞ்சள் விதைகளையும் விதைத்தார். பார்வைக்கு ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாத விதைகள். அவற்றில் 301 செடியாகிக் காய்த்தன. 38 செடிகளில் உருண்டை மஞ்சள் மட்டும். 65-இல் நிறம் பிரிந்தது, 60-இல் வடிவம் பிரிந்தது, 138-இல் நான்கு வகையும் வந்தன. ஒரே முகத்துக்குப் பின்னால் நான்கு உள்ளிருப்பு. தோற்றத்தை உற்றுப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. மண்ணில் போட்டு, காய்க்கவிட்டு, அதன் பிள்ளைகளை எண்ணித்தான் தெரிந்துகொள்ள முடியும். ஒரு தலைமுறை முழுக்கக் காணாமல் போன பச்சையும் சுருக்கமும் அழிந்துவிடவில்லை, நீர்த்தும் போகவில்லை. திரும்பி வந்தபோது பழைய பச்சையாகவே, பழைய சுருக்கமாகவே வந்தன.

இவ்வளவு திருத்தமான கணக்கு இருக்கிறதே, அப்படியானால் அடுத்த விதை என்ன என்று சொல்லிவிடலாமா? முடியாது. 556-இல் பதினாறில் ஒன்பது பங்கு என்று கணக்கிட்டால் 312.75 வருகிறது, முக்கால் விதை என்று ஒன்று இந்த உலகில் இல்லை. மெண்டல் இதை மறைக்கவில்லை. வடிவத்தை மட்டும் பார்த்த சோதனையில் 253 செடிகளிலிருந்து 7,324 விதைகள்: 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். மூன்றுக்கு ஒன்றுக்கு வெகு அருகில். ஆனால் அதே சோதனையில் ஒரு செடியில் 43 உருண்டைக்கு 2 சுருக்கம்தான் இருந்தது. இன்னொரு செடியில் 14 உருண்டை, 15 சுருக்கம். இரண்டையும் தன் கட்டுரையில் எழுதி வைத்தார். ஒரு செடியோடு நிறுத்தியிருந்தால் அவர் கண்ணில் எந்த விதியும் பட்டிருக்காது.

1936-இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் மெண்டலின் எண்களைச் சோதித்து, அவை எதிர்பார்ப்புக்கு அளவுக்கு மீறி நெருக்கமாக இருக்கின்றன என்றார். அதன் மேல் நடந்த வாதம் நீண்டது. மெண்டலின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஃபிஷரின் கேள்விக்கு அடியில் இருக்கும் எண்ணம்தான் முக்கியம்: உண்மையான விதைகள் கணக்கிலிருந்து கொஞ்சம் விலகியே ஆக வேண்டும். விலகலே இல்லையென்றால்தான் ஏதோ சரியில்லை.

இது தோட்டத்து விஷயமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயைப் பார்க்கும் மருத்துவர்களிடம் வரும் பெற்றோர் பலருக்கு ஒரே சந்தேகம். தாயும் தந்தையும் கேரியர்கள், அதாவது தமக்கு நோய் இல்லாமலே அதன் ஜீனைச் சுமப்பவர்கள். நாலில் ஒரு குழந்தைக்கு வரலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். "முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு டாக்டர், இனிமே மூணுக்கு வராதுதானே?" மெண்டலின் எண்ணைக் கொடுத்துவிட்டு மெண்டலின் செடிகளைக் காட்டாமல் விட்டதால் வந்த கேள்வி இது. அடுத்த கருவுக்கு முந்தையது எதுவும் தெரியாது. அதற்கும் நாலில் ஒன்று, அதற்கு அடுத்ததற்கும் நாலில் ஒன்று. அப்படிப்பட்ட பெற்றோருக்கு நான்கு பிள்ளைகள் இருந்தால், புத்தகத்தில் போட்டிருப்பதுபோல் சரியாக ஒருவருக்கு மட்டும் நோய் இருக்க வாய்ப்பு 100-க்கு 42 தான். நான்கு பேரும் தப்பிப்பது 100-க்கு 32. மற்ற குடும்பங்களில் இரண்டோ அதற்கு மேலோ. அதே தம்பதி வேறொரு குரோமோசோமில் இன்னொரு ஒடுங்குபண்பு நோய்க்கும் (பச்சையையும் சுருக்கத்தையும் போல மறைந்து நிற்கக்கூடியது) கேரியர்களாக இருந்தால் பட்டாணிக் கட்டம் அப்படியே திரும்பும்: இரண்டிலிருந்தும் தப்புவது பதினாறில் ஒன்பது, இரண்டும் சேர்ந்து வருவது பதினாறில் ஒன்று.

இங்கே நான் நெடுநாள் யோசித்த ஒன்று இருக்கிறது. விதி வலுவானது, தனி விதை மட்டும் அதற்கு அடங்காமல் திமிறுகிறது என்று முன்பு எண்ணியிருந்தேன். உண்மை அதைவிட அழகாக இருக்கிறது. ஒரு காயில் மூன்று உருண்டை வந்துவிட்டது, இனி நான் சுருங்கியாக வேண்டும் என்று நான்காவது விதை நினைத்து நடந்தால், விதைகள் ஒன்றையொன்று பார்த்து நடப்பவை ஆகிவிடும். அப்போது பெருக்கவும் முடியாது, 9:3:3:1-உம் நிற்காது. வடிவம் நிறத்தைக் கேட்பதில்லை. இந்த விதை அந்த விதையைக் கேட்பதில்லை. அந்த இரண்டு விடுதலையிலிருந்துதான் விதி பிறக்கிறது. ஆயிரக்கணக்கான விதைகளில் ஒன்றுகூட கணக்குக்குக் கட்டுப்பட்டுப் பிறக்கவில்லை என்பதால்தான் கணக்கு சரியாக வந்தது.

அதனால் கால் என்பது அந்தத் தம்பதிக்கு உரிய எண். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கால்பங்கு நோய் கிடையாது. கருவான நொடியிலேயே அது நோயாளியோ, கேரியரோ, இரண்டும் அல்லாததோ என்பது தீர்ந்துவிட்டது; நமக்குத்தான் தெரியவில்லை. 10 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் செய்யும் சோதனை அதைப் பார்த்துச் சொல்கிறது. கணிப்பின் வேலை அத்தோடு முடிகிறது. அதுவரை மருத்துவரிடம் இருப்பது அந்த ஒரு எண். அதைச் சொல்லும்போது, "ஒவ்வொரு தடவையும் புதுசாத்தாம்மா, போன தடவை என்னாச்சுங்கறது இந்தக் கணக்குல வராது" என்பதையும் சேர்த்துச் சொன்னால், முதல் குழந்தையின் நோய்க்குப் பதிலாக அடுத்த பிள்ளைகளின் ஆரோக்கியத்தை யாரோ கடன்பட்டிருக்கிறார்கள் என்ற எண்ணத்தோடு எந்தத் தாயும் எழுந்து போக மாட்டாள்.